சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டை

வெண்ணந்தூர் போகும் சாலையோரம் புதிதாக வெட்டிய குட்டையில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மதிய வெயிலில், வானத்தின் ஒரு துண்டு கழன்று விழுந்து கிடப்பதுபோல் தெரிந்தது. சாலை போடும் நிறுவனத்தின் சுற்றுச்சூழல் அலுவலர் சௌமியா கரையில் நின்று வெகுநேரம் அதையே பார்த்தாள்.

சாலையை அகலப்படுத்தியபோது ஊரின் பழைய குட்டை மண்ணுக்குள் போய்விட்டது. அதற்கு ஈடாக வேறொன்று வெட்டித்தர நிறுவனமும் ஒரு தொண்டு அமைப்பும் கைகோத்திருந்தன. இன்று இரு தரப்பும் பார்வையிட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. அமைப்பைச் சேர்ந்த பூபதி பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அந்த ஊர் மாரக்காள் தன் வெள்ளாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். ஆடுகள் முன்னங்காலை மடித்துக் குடித்தன. அந்தச் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை என்பதுபோல் சௌமியா கிறங்கி நின்றாள். ஏதோ நல்லது செய்துவிட்டோம் என்றுகூட நினைத்தாள்.

"நாளைக்கும் லாரி வருமுங்களா அம்மிணி?" என்றாள் மாரக்காள்.

"எந்த லாரிங்க அக்கா?"

"காத்தால தண்ணி ஊத்திட்டுப் போச்சுங்களே. தெனமும் வாரதுன்னா சொல்லிப்போடுங்க. இல்லீன்னா ஆட்டையெல்லாம் சந்தைக்கு ஓட்டிருவேன். தண்ணியில்லாத குட்டைல ஆடு என்னத்தக் குடிக்கும், போர்டையா நக்கும்?"

பூபதி சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டான். பார்வையிடும் நாளில் குட்டை காலியாக இருந்தால் நன்றாக இராது என்று தான்தான் ஊற்றச் சொன்னதாக முணுமுணுத்தான். மழை வந்தால் தானாக நிரம்பிவிடுமாம்.

சௌமியா திரும்பிப் பார்த்தாள். மழைநீர் இறங்கிவரும் கரட்டுக் குன்று சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. நடுவில் சாலை ஆளுயரத்துக்குச் சுவர்போல் நின்றது. தண்ணீர் இந்தப் பக்கம் வர அடியில் ஒரு குழாய்கூட இல்லை. குழாய் பதிப்பது நிறுவனத்தின் வேலை என்று நினைத்ததாகப் பூபதி சொன்னான். அவளோ அதை அமைப்பின் வேலை என்று நினைத்திருந்தாள்.

பூபதி பேனாவை நீட்டினான். வாங்காவிட்டால் மேலாளர் சும்மா விடமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆடுகள் குடிக்கக் குடிக்க, கரையில் ஈரக்கோடு இறங்கிக்கொண்டே போவதாக அவளுக்குப் பட்டது.

"ஆட்ட விக்காதீங்க அக்கா. குழாய் போடற வரைக்கும் எங்க செலவுல லாரி வரும்" என்றவள், பேனாவை விலக்கினாள்.

"மழைத்தண்ணி இங்க வந்து நிக்கட்டும் பூபதி, அப்புறம் கையெழுத்துப் போடறேன். குழி வெட்டிக் காட்டறது ஈடு ஆகாதுங்க. தண்ணிய இழந்தவங்களுக்குத் தண்ணி வந்து சேரணும். அதுதான் ஈடு."