காலியான பாட்டில்

கீமோ நாட்களில் அப்பா தினமும் இரண்டு லிட்டர் தண்ணீர் குடித்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் பாட்டிலை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் அது காலியாக இருக்கும். "சமத்து அப்பா" என்று அவர் மொட்டைத் தலையைத் தடவிக்கொடுப்பேன். அதே நாட்களில் அம்மா அடிக்கடி பாத்ரூமுக்கு ஓடினாள். சர்க்கரையோ என்று பயந்து, லீவு போட்டு அவளுக்கு ரத்தப் பரிசோதனை செய்யவைத்தேன். ஒன்றுமில்லை என்றார்கள்.

இன்று அப்பா மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிய நர்ஸ், "உடம்புல தண்ணியே இல்லையே, வீட்ல யாரும் குடுக்கலையா?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"மருந்துல வாய் கெட்டு, தண்ணி குடிச்சா தகரத்தை நக்குற மாதிரி இருக்குன்னு கெஞ்சினாருடி. பாட்டில் காலியாகலேன்னா நீ திட்டுவே. அதான் நானே குடிச்சிட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் இரண்டு லிட்டர் தண்ணீரை மறைத்திருக்கிறார்கள். ரத்தம் எடுத்த அன்றுகூட வாயைத் திறக்கவில்லை. அம்மா கையை நீட்டினாள், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தைரியம் சொன்னார்.

"இன்னைக்காவது அவர் குடிச்சாராம்மா?"

அப்பா தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா எழுந்து, பாத்ரூம் எங்கே என்று நர்ஸிடம் கேட்டாள்.