ஒன்பதாம் எண் கேசட், முதல் பக்கம்

1

இருந்தவர்கள் மூன்று பேர். அக்கா தரையில், அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில், முட்டிவலிக்காகக் காலை நீட்டியபடி. பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் கட்டிலின் விளிம்பில். கல்லூரியில் படிக்கும் மகள் ஜன்னல் திட்டில், கையில் போனோடு. ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலே கால்.

(இருபத்தாறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்துவிட்டால் எதையும் இப்படித்தான் எழுத வரும். அக்கா என்பது நான்தான். ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘நான்’ என்று தொடங்கிய மூன்று தாள்களிலும் நியாயம் என் பக்கமே சாய்ந்தது. கிழித்துப் போட்டுவிட்டுக் கதையாக எழுதுகிறேன். இனி அவள் அக்கா. எழுதுவது தம்பிக்கு. மற்றவர்கள் படித்தாலும் பாதகமில்லை.)

2

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பழைய பாடல்களின் நினைவு…’

மழை பெய்யவில்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘இசை என்பது…’

என்னவென்று எனக்குத் தெரியாது. அதையும் அடித்தாயிற்று.

நடந்ததைச் சொல்லிவிடலாம். பரணில் கிடந்த டேப்ரிக்கார்டரைக் கணவர் பழுதுபார்த்துக் கொண்டுவந்திருந்தார். பெட்டியில் நாற்பத்தொரு கேசட்டுகள். கடையில் பாட்டுப் பட்டியல் கொடுத்து, ஒரு வாரம் காத்திருந்து, பதிந்து வாங்கியவை. ஒவ்வொன்றின் மேலும் அக்காவின் கையெழுத்தில் எண்ணும் பாட்டு வரிசையும்.

“பிடிக்காத பாட்டு வந்தா எப்படிம்மா தாண்டுவீங்க?” என்றாள் மகள்.

“எங்க தாண்டுறது? கேட்டுக் கேட்டு அதுவும் பிடிச்சுப் போயிடும்.”

“என் கதையும் அதேதான்,” என்றார் கணவர்.

3

ஒன்பதாம் எண் கேசட்டில்தான் பட்டியல் இல்லை; அது கடையில் பதிந்ததும் அல்ல. முதுகில் பழுப்பேறிய ஒரு துண்டு மருந்துப் பிளாஸ்திரி மட்டும்.*

தம்பி தன் பத்தொன்பதாவது வயதில் தானே எழுதி, மெட்டும் போட்ட ஒரே பாட்டு அதில் இருந்தது. திரும்பத் திரும்ப ஐந்து தடவை பாடி, பக்கம் நிரம்பியதும் யாரும் அழித்துவிடாதபடி முதுகுத் தகட்டை உடைத்து வைத்திருந்தான். அக்கா அப்போது வானொலியின் நேயர் விருப்பத்துக்குப் பதினொரு கார்டு போட்டிருந்தாள். அன்றைக்குத் தன் பெயரை வாசித்துவிடுவார்கள் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. பதிந்து வைத்துக்கொள்ளக் கைக்கு எட்டியது அந்தக் கேசட்தான். ஆஸ்பத்திரிப் பையில் இருந்த பிளாஸ்திரியால் தகடு போன ஓட்டையை அடைத்து, அவன் பாட்டின் மேலேயே பதிந்தாள்.

‘தெரியாமல்தான் செய்தாள்’ என்று எழுதி, அடித்துவிட்டேன். ஓட்டையை அடைக்கிற கைக்குத் தெரியும், யாரோ எதையோ காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று. ஒரு நிமிடம் ஓட்டிக் கேட்டிருக்கலாம். நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

தம்பி வந்து கேட்டபோதாவது தப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னது வேறு.

“அதெல்லாம் ஒரு பாட்டா? அதுக்குப் போய் மூஞ்சிய தூக்கி வச்சிக்கிற.”

அவன் சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு பாடவும் இல்லை. இருபத்து மூன்று வருடமாகப் போனில் “சாப்டியாக்கா” என்பான், “அத்தான் நல்லா இருக்காரா” என்பான். மூன்றாவது வாக்கியம் வந்ததே இல்லை.

*கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதுவும் பதியாது. ஓட்டையை அடைத்தால் மறுபடி பதியும்.

4

மகள்தான் விசையை அழுத்தினாள். வரிசையாகப் பாட்டுகள், நடுநடுவே அறிவிப்பாளரின் குழைந்த குரலில் யார் யாருடைய பெயர்களோ. அக்காவின் பெயர் கடைசிவரை வரவில்லை.

“பதினொரு கார்டும் தபால்காரர் வீட்டுலயே இருக்கும்,” என்றார் கணவர்.

“சும்மா இருங்க.”

செய்தி ஆரம்பித்தது. டக்கென்று ஒரு சத்தம். அத்தோடு பதிவை நிறுத்தியிருக்கிறாள். மிச்ச நாடாவில் பழையது அழியாமல் இருந்தது. தம்பியின் குரல். ஐந்தாவது தடவை பாடியதன் கடைசிச் சரணம்.

“யாரும்மா இது?”

“உன் மாமா.”

“நம்ம மாமாவா? அவரு பேசவே யோசிப்பாரே.”

பாட்டு முடிந்தது. நாடாவுக்குள் ஒரு கதவு திறந்தது. ஒரு பெண் குரல் சொன்னது: “நல்லா இருக்குடா. நிஜமா. இன்னொரு தடவ பாடு, நான் இங்கயே உக்காந்துக்கறேன்.”

கணவர் திரும்பிப் பார்த்தார். “அது நீதானே?”

அவள்தான். இப்படிச் சொன்னது அவளுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. திட்டியது மட்டும் ஒரு சொல் மாறாமல் நினைவில் இருந்தது. (தம்பிக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.)

5

முடிவு ஒன்று: மகள் அந்தப் பாட்டைப் போனில் அனுப்புகிறாள். தம்பி கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாக அனுப்புகிறான். (நிச்சயம் இதுதான் நடக்கும். அதனாலேயே வேண்டாம்.)

முடிவு இரண்டு: தம்பி கண்கலங்கி வாசலில் வந்து… (அவன் கலங்குகிற ஆள் இல்லை. அது நான்.)

முடிவு மூன்று:

“மாமாவுக்கு இப்பவே அனுப்பட்டுமா?”

“அனுப்பாதே. கேக்கணும்னா இங்க வந்து கேக்கட்டும்.”

“இது மிரட்டலால்ல இருக்கு,” என்றார் கணவர்.

“மிரட்டல்தான். நீங்களும் போன்ல உளறி வைக்காதீங்க.”

தம்பி, அழித்தது தப்பு. ‘அதெல்லாம் ஒரு பாட்டா’ என்றது அதைவிடத் தப்பு. இத்தனை வருடமும் இந்த இரண்டு வரிதான் எழுத வேண்டியிருந்தது. நாலு பகுதி சுற்றி வந்துவிட்டேன். நாடாவை உன் சரணம் தொடங்குகிற இடத்துக்கு ஓட்டி நிறுத்தியிருக்கிறேன். விசையை நீதான் அழுத்த வேண்டும்.

6

இந்தப் பகுதி உன்னுடையது. எண் மட்டும் போட்டு வைக்கிறேன். வந்து பாடுவாயோ, “சாப்டியாக்கா” என்று மட்டும் கேட்பாயோ, நான் எழுதப் போவதில்லை. சாப்பாட்டைத் தயாராக வைத்திருப்பேன்.

உறையை ஒட்டிய பிறகு நடப்பதை உள்ளே எழுத வழியில்லை. அதனால் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை அக்கா தாள்களை மடித்து உறைக்குள் வைத்தாள். பசை தடவி, ஓரங்களைக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினாள். வேலைக்குப் போகிற வழியில் தபால்பெட்டியில் போட்டாள். அது உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் பேருந்தில் ஏறினாள்.