சுவருக்கு வடக்கே

ஹெஸ்டர் நாற்காலி மேல் ஏறி நின்று வாசல் தோரணத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று மாற்றி மாற்றித் தைத்த துணிக்கொடிகள். ஆணி வரவில்லை. அவள் இழுத்த இழுப்பில் கதவுச் சட்டத்தின் மரச்சில்லும் பெயர்ந்துகொண்டு வந்தது.

"அக்கா, இறங்கு. தெருவே பாக்குது" என்றான் சைலஸ்.

"பாக்கட்டும். சாவு வீட்டு வாசல்ல எவனாவது தோரணம் கட்டுவானா?"

"கட்டினப்போ அம்மா உயிரோட இருந்தா. அவதான் கட்டச் சொன்னா."

"இப்ப இல்லைல்ல? அவுக்க உனக்குக் கை வரலையா?"

சைலஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

அந்தத் தெருவில் தோரணம் இல்லாத வீடு கிடையாது. ராணி பட்டத்துக்கு வந்து ஐம்பது ஆண்டு நிறைகிறது. செவ்வாய்க்கிழமை கொண்டாட்டம். குன்றின் மேல் சொக்கப்பனைக்கு விறகு அடுக்கியாகிவிட்டது. இந்த நேரம் பார்த்து வெள்ளிக்கிழமை விடியலில் டார்க்கஸ் கிழவி கண்ணை மூடிவிட்டாள்.

"பாதிரியார் வந்துட்டுப் போனார்" என்று மெதுவாக ஆரம்பித்தான் சைலஸ். "கோயில் முகப்புக்குப் பக்கத்துலயே இடம் தர்றாராம். பெரிய வீட்டுலேர்ந்து ஆள் வருதாம். கல்லுகூட வைக்கிறாங்களாம் அக்கா. 'இளவரசிக்குப் பாலூட்டிய டார்க்கஸ்'னு."

பெரிய வீடு என்றால் ராணி கோடைக்கு வந்து தங்கும் கடலோர மாளிகை. தீவுக்காரர்களுக்கு வேறு பெயர் வேண்டியதில்லை. சைலஸுக்கு அங்கே தோட்ட வேலை. அம்மா ஒரு காலத்தில் ஊட்டிய பால் இவனுக்கு வேலையாகவும் குடியிருக்க வீடாகவும் திரும்பி வந்திருந்தது.

"கல்லுல நம்ம பேரு வருமா?" என்றாள் ஹெஸ்டர்.

"நம்ம பேரு எதுக்கு?"

"அதான் கேட்டேன்."

கொடிகளைச் சுருட்டி அவன் நெஞ்சில் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

உள்ளறையில் டாம்சின் அத்தை பிணத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். அப்பாவின் தங்கை. எண்பதை நெருங்கிவிட்டாள், ஆனாலும் ஊரில் எந்தச் சாவுக்கும் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வருபவள். அப்பா கடலோடு போனவர், அவருக்குக் கழுவ உடம்பே கிடைக்கவில்லை.

"வா, அந்தப் பக்கம் தூக்கு" என்றாள் அத்தை. "என்ன, வாசல்ல சண்டையா?"

"இளவரசிக்குப் பாலூட்டினவளாம். கல்லு வைக்கப் போறாங்களாம்."

அத்தை துணியைப் பிழிந்தாள். "உங்கம்மா உடம்புல அரண்மனைக்காரங்க இடம் ரெண்டுதான். அதைக் கழுவிட்டா மிச்சமெல்லாம் நம்ம பொம்பள."

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

அம்மா அரண்மனைக்குப் போனபோது அவளுக்கு ஏழு வயது. தம்பி ஆமோஸ் பிறந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அரண்மனை வைத்தியர் வந்து அம்மாவின் பல்லையும் மார்பையும் பார்த்தார். மறுநாளே வண்டி வந்தது. ராணிக்கு வருஷம் தவறாமல் பிள்ளை, ஒவ்வொன்றுக்கும் நாட்டுப்புறத்திலிருந்து ஒருத்தியைப் பிடித்துப் போவார்கள். தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது என்பது சட்டம். "நான் வந்தப்புறம் ஞானஸ்நானம் குடுங்க. நான் பக்கத்துல இருக்கணும்" என்று சொல்லிவிட்டு அம்மா ஏறிப் போனாள். ஆமோஸுக்குப் பசும்பாலில் ரொட்டியை ஊறவைத்துத் துணியில் நனைத்து ஊட்டினார்கள். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று மாதத்தில் வற்றிப்போய்ச் செத்தான். கடைசி வாரத்தில் யார் தூக்கினாலும் மார்பைத் தேடி முகத்தைத் திருப்புவான். ஏழு வயது ஹெஸ்டர் தூக்கினால்கூட.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை. கோயில் சுவருக்கு உள்ளே இடமில்லை. வடக்குப் பக்கம், சுவருக்கு வெளியே, ஜெபம் இல்லாமல் அப்பா ஒரு குழி தோண்டினார்.

அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. துக்கம் கேட்டால் பால் கெட்டுப்போகும், கெட்ட பால் இளவரசிக்கு ஆகாது. ஆள்மூலம் அம்மா விசாரித்தபோதெல்லாம் 'சுகம்' என்று சொல்லி அனுப்பினார் அப்பா. ஊரில் ஒவ்வொருவருக்கும் தெரியும், பெற்றவள் ஒருத்தியைத் தவிர.

"அழவே இல்ல அத்தை" என்றாள் ஹெஸ்டர். அம்மாவின் கையைத் துடைத்த வேகத்தில் அந்தக் கை நழுவிப் பலகையில் மோதியது. "இளவரசியைப் பால் மறக்கடிச்சு இவளைத் திருப்பி அனுப்பினாங்களே, அன்னைக்கு நான் வாசல்லதான் நின்னேன். அப்பா சொன்னார். 'என்னைக்கு?'ன்னு கேட்டா. சொன்னார். 'சரி'ன்னுட்டு அடுப்புல தண்ணி வச்சா. பெத்த வயிறா அது? அதுக்கப்புறம் ஆமோஸ்ங்கிற பேரு இவ வாயில வந்துச்சா? இளவரசி காது எப்படி, இளவரசி கால் எப்படின்னு ஊரெல்லாம் கதை. நாங்க கேட்டுக் கேட்டு வளந்தோம்."

"தண்ணி வச்சப்புறம் எங்க போனா?"

"கிணத்தடிக்கு."

"வாளி அடுப்புப் பக்கத்துலதான் கிடந்துச்சு" என்றாள் அத்தை.

ஹெஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள்.

"கிணத்துல விழப் போறாளோன்னு பின்னாலயே ஓடினேன். அவ நேரா கோயிலுக்குப் போனா. சுவத்துக்கு வடக்க. எந்த இடம்னு நாங்க யாரும் சொல்லல. அங்க மட்டும்தான் இன்னும் புல்லு மூடல, கண்டுபிடிச்சுட்டா. மண்டி போட்டுச் சட்டையை அவுத்தா. மார் ரெண்டும் பால் கட்டிக் கல்லாட்டம் இருந்துச்சு. குனிஞ்சு, அந்த மண்ணு மேல பீச்சினா. ரெண்டு பக்கமும். நின்னு போறவரைக்கும்."

அத்தை துணியை மறுபடி நனைத்துப் பிழிந்தாள்.

"திரும்பினப்போ என்னைப் பாத்துட்டா. 'இதை வெளிய சொன்னே, உன் நாக்கு அழுகிடும்'னா."

"எங்கிட்டகூடச் சொல்லலையே அத்தை. இத்தனை வருஷம்."

"எனக்கு நாக்கு வேணுமே. பல்லுதான் போயிடுச்சு." அத்தை அம்மாவின் நெற்றி முடியை ஒதுக்கினாள். "புருஷன் போனதுக்கு ராணியம்மா இருபத்தஞ்சு வருஷமாக் கறுப்பு கட்டுது. நாடே கூடச் சேந்து கட்டுச்சு. இவ பிள்ளைக்குக் கறுப்புத் துணி எடுத்து வச்சா, உங்கப்பன் பிடுங்கிட்டான். செத்து அரை வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப என்ன துக்கம், ஊர் சிரிக்கும்னு."

ஹெஸ்டர் அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தாள். பலகையில் மோதிய இடத்தில் ஒன்றும் இல்லை. செத்த உடம்பு கன்றாது. நாற்பது வருஷமாக அவள் சுமந்த கோபம் இறங்கவில்லை, ஆள்தான் மாறியது. எழுந்து ஈரக்கையோடு நடந்தாள்.

பாதிரியார் லவ்டே கோயில் பின்னறையில் கொண்டாட்டத்துக்கு வந்த தேநீர்க் கோப்பைகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ராணியின் முகம். பின்னாலேயே சைலஸ் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"ஐயா, எங்கம்மாவை வடக்குப் பக்கம் வைக்கணும்" என்றாள் ஹெஸ்டர். "சுவருக்கு வெளிய. அவ பிள்ளை பக்கத்துல."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் முகம் இளகியது. நல்ல மனிதர்தான்.

"உங்க மனசு எனக்குத் தெரியுது. ஆனா அது பரிசுத்தப்படுத்தாத நிலம். அங்க என்னால ஜெபம் படிக்க முடியாது. உங்கம்மாவை ஜெபம் இல்லாம எப்படி வைக்கிறது?"

"அப்ப அவனைத் தோண்டி எடுத்து உள்ள கொண்டுவர்றேன். நீங்க கண்ணை மூடிக்கிட்டாப் போதும்."

"கல்லறையைத் தோண்டுறதுன்னா பிஷப் அனுமதி வேணும்."

"கல்லறையா? அங்க ஒரு கல்லாவது இருக்கா ஐயா?"

"அக்கா" என்றான் சைலஸ்.

"நீ சும்மா இரு. ஏன் ஐயா, இந்தச் சபைக்குத் தலைவி யாரு?"

பாதிரியார் கோப்பையைக் கீழே வைத்தார். "ராணியம்மா. அதுக்கும் இதுக்கும்..."

"அவங்க பிள்ளைக்குப் பால் குடுக்கப் போனா எங்கம்மா. அவ வரட்டும்னுதான் ஞானஸ்நானம் தள்ளிப்போச்சு. தள்ளிப்போனதால அவங்க சபை மண்ணுல அவ பிள்ளைக்கு இடமில்ல. பால் உள்ள போகலாம், பிள்ளை வெளிய கிடக்கணும். நான் சொல்றதுல எங்கயாவது தப்பு இருந்தா சொல்லுங்க."

பாதிரியாரின் காது சிவந்தது. "ராணியை இதுல இழுக்காதீங்க."

"பிரசவக் கட்டில்லேர்ந்து எங்கம்மாவை இழுத்துக்கிட்டுப் போன வண்டி எங்கேர்ந்து வந்துச்சு?"

அவர் கோப்பைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார். பிறகு, "திங்கள் காலை அடக்கம். முகப்புப் பக்கம் குழி வெட்டச் சொல்லிட்டேன். ஆண்டவர் எல்லாம் அறிவார்" என்றார்.

"அறிஞ்சு என்ன பண்ணினார்?" என்றாள் ஹெஸ்டர்.

வெளியே வந்ததும் சைலஸ் வெடித்தான். "உனக்கு என்ன, பேசிட்டுப் போயிடுவே. நாளைக்கு என்னைப் போன்னு சொன்னா நாலு பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? நான் பிறக்கறதுக்கு முன்னால செத்தவனுக்காகவா?"

"உங்கண்ணன்டா அவன். ஆமோஸ்."

"அவன் பேரு என்கிட்ட யாராவது ஒரு தடவை சொல்லியிருக்கீங்களா? இப்பத்தான் கேக்கறேன். ஆமோஸ்னு. முப்பத்தேழு வயசுல. நீயும்தான சொல்லல."

அவன் கேட்டது ஹெஸ்டரைச் சுட்டது. அதுவும் கோபமாகவே திரும்பியது. அவனை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக நடந்தாள்.

ஞாயிறு மதியம் புல்வெளியில் பள்ளிப் பிள்ளைகள் செவ்வாய்க்கிழமை ஊர்வலத்துக்கு நடை பழகிக்கொண்டிருந்தார்கள். வாளியும் மண்வெட்டியுமாக ஹெஸ்டர் அவர்களுக்கு நடுவே புகுந்து போனாள். பள்ளி ஆசிரியையின் வரிசை கலைந்தது.

"செடி வைக்கவா ஹெஸ்டர்?"

"ஆமா."

வடக்குச் சுவரோரம் செந்தட்டிச் செடி இடுப்பு உயரம். கையை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை. முழங்கைவரை தடித்துச் சிவந்தது. சுவர் புடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழேதான் அப்பா தோண்டினார் என்று அவளுக்கு நினைவிருந்தது, அங்கே வெட்டினாள். முழங்கால் ஆழம் போயும் ஒன்றும் தட்டுப்படவில்லை. மூன்று மாதப் பிள்ளைக்கு எலும்பு என்று என்ன இருந்திருக்கும். மண்தான். கறுத்து, ஈரமாக, பொலபொலவென்று உதிரும் மண். அதை வாளி நிறைய அள்ளினாள்.

வீட்டில் அம்மா பெட்டிக்குள் இருந்தாள். மூடி சுவரில் சாய்ந்திருந்தது. ஹெஸ்டர் ஒரு தலையணை உறையில் மண்ணைக் கொட்டிக் கட்டினாள். கைப்பிள்ளை அளவு வந்தது. அதைத் தூக்கி அம்மாவின் இடது கை மடிப்பில் வைத்தபோது கதவு திறந்தது. சைலஸ்.

"என்ன அது?"

"ஆமோஸ்."

ஹெஸ்டர் பெட்டிக்கும் அவனுக்கும் நடுவில் வந்து நின்றாள். கையில் மண்வெட்டி.

"பெரிய வீட்டுக்குப் போய்ச் சொல்றதுன்னா சொல்லு. எடுக்க மட்டும் வந்தே, உன்னைத் தம்பின்னு பாக்க மாட்டேன்."

அவன் அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"ஏன் இடது பக்கம்?"

"அம்மா பிள்ளையை அந்தப் பக்கம்தான் பிடிப்பா. உன்னையும் அப்படித்தான்."

சைலஸ் குனிந்தான். உறையின் தையலில் செந்தட்டி வேர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை உருவி ஜன்னல் வழியே எறிந்தான். துணியை இழுத்து இரண்டு பேரையும் அம்மாவின் மோவாய்வரை மூடினான். பிறகு மூடியை அறைய வாசலில் காத்திருந்தவரைப் பார்த்து, "தச்சரே, வாங்க. மூடிடலாம்" என்று கூப்பிட்டான்.

திங்கள் காலை பெரிய வீட்டிலிருந்து மலர்வளையம் வந்தது. வெள்ளை லில்லி, வெள்ளை ரோஜா, அகலமான பட்டு நாடா. கொண்டுவந்த சேவகன் அதைப் பெட்டியின் நட்டநடுவில் வைத்து இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்துச் சரிசெய்தான்.

ஆறு பேர் தூக்கினார்கள். சைலஸ் இடது பக்கம், முன்னால்.

"கிழவி இவ்வளவு கனமா?" என்றான் பின்னால் தூக்கியவன். "இடது பக்கம் சாயுது பாருங்க. நான் வேணா மாத்திக்கவா சைலஸ்?"

"வேணாம். நட."

தெரு முழுக்கக் கொடிகள் படபடத்தன. கோயில் வாயிலில் பாதிரியார் அங்கியும் புத்தகமுமாகக் காத்திருந்தார். முதல் வாக்கியத்தைப் படித்துக்கொண்டே பெட்டிக்கு முன்னால் திரும்பினார். அப்போது மலர்வளையம் மெல்ல நகர்ந்து, இடது விளிம்புக்கு வந்து, தரையில் விழுந்தது.

ஊர்வலம் நின்றது. பாதிரியாரே குனிந்து எடுத்து நடுவில் வைத்தார். நாலடி நடப்பதற்குள் மறுபடியும் விழுந்தது. சைலஸ் நேரே பார்த்துக்கொண்டு நின்றான். தோளைச் சற்றும் உயர்த்தவில்லை.

பாதிரியார் ஹெஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். அவள் தடித்துச் சிவந்த கைகளைக் கட்டிக்கொண்டு பெட்டியையே பார்த்திருந்தாள்.

அவர் மலர்வளையத்தைத் தூசி தட்டி எடுத்து ஒரு கையில் வைத்துக்கொண்டார். மறு கையில் புத்தகம். அப்படியே நடந்தார். பக்கம் முடிந்தபோது புரட்டக் கை இல்லாமல், படித்த வரியையே திரும்பப் படித்தார்.