சுழி பார்த்து வாங்கிய கம்ப்ரசர்

இரண்டாம் உலகச் சண்டை முடிகிறவரை அஸ்ஸாம் பக்கம் ராணுவ லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன் பழனிவேல். எந்த இரும்பு உழைக்கும், எது பல்லை இளிக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. அரியலூருக்குத் திரும்பி வந்தபின்தான், சொந்த வீட்டில் தான் இன்னும் சின்னவன் என்பது அவனுக்கு உறைத்தது. சின்னவன் வாயைத் திறந்தால் அது சோற்றுக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிற வீடு அது.

வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் பாதியை அண்ணன் பாலசுந்தரம் அவனுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மறு பாதியில் மாடுகள். தன் பாதியில் மோட்டார் பட்டறை போட்டு, எவனுக்கும் சலாம் வைக்காமல் பிழைத்துவிட வேண்டும். பழனிவேலுக்கு இருந்த ஒரே வெறி அதுதான். பட்டாளத்தில் வைத்த சலாமே ஏழு ஜென்மத்துக்குப் போதும்.

வழியும் திறந்தது. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் பஸ் விடுகிற அமிர்தலிங்கம் ஒருநாள் கொட்டகையை எட்டிப் பார்த்தார்.

"கைப்பம்புல காத்தடிச்சே நம்ம ஆளுங்க செத்துப் போறானுவ தம்பி. ஒரு கம்ப்ரசர் வாங்கி வைங்க. என் கண்ணு முன்னால பஸ்ஸோட பின்சக்கரத்துக்குக் காத்த ஏத்திக் காட்டுங்க. அப்புறம் என் வண்டிங்க வேற எங்கயும் போவாது" என்றார்.

பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலத்தில் எடுத்துப் பெரம்பலூரில் ஒருவர் குவித்து வைத்திருந்தார். அண்ணனும் வருகிறேன் என்றார். பணம் அவர் கையில் இருக்கிறது, வரட்டும். ஆனால் வண்டியில் ஏறப் போனால், மாட்டுத் தரகர் கொளஞ்சியப்பன் வெற்றிலையை மென்றுகொண்டு உள்ளே சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இவரு எதுக்குண்ணே?"

"நம்ம கொட்டாய்க்குள்ள அவரு பாக்காம எது வந்திருக்கு?"

"அதெல்லாம் மாடு."

"இதுவும் உழைக்கத்தானேடா வருது?"

பழனிவேல் பெரம்பலூர் வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான்.

சாமான்காரரிடம் இரண்டு கம்ப்ரசர்கள் நின்றன. ஒன்று பச்சை உரிந்துபோன கிழம். அதன் தொட்டி வயிற்றில் பூரான் ஊர்ந்ததுபோல் ஒரு பற்றவைப்புத் தழும்பு. மற்றது மாப்பிள்ளைபோல் சிவப்புச் சாயம் பூசிப் பளபளவென்று நின்றது. பழனிவேல் கிழத்தை ஓட்டினான். காற்றழுத்தம் காட்டும் முள் ஏறியது. இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு பீடி பிடித்து முடித்தான். முள் ஏறின இடத்திலேயே நின்றது. தொட்டியில் ஒழுக்கு இல்லை, காற்று நிற்கிறது. இதற்குமேல் ஒரு கம்ப்ரசரிடம் வேறென்ன கேட்க முடியும்?

கொளஞ்சியப்பனால் கேட்க முடிந்தது. மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து, வால் இருக்கவேண்டிய இடத்தை உற்றுப் பார்த்தார். சிவப்புத் தொட்டியின் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

"என்ன தெரட்சி பாத்தீங்களா? ஒடம்புல ஒரு கீறல் உண்டா? அதோ, அதுக்கு வயித்துல தழும்பு. எவன் வூட்டுலயோ குத்துப்பட்டு வந்திருக்கு. கட்டுனா குடும்பத்துக்கு ஆவாதுங்க."

"அது பத்தவச்ச எடம். நல்லா பத்தியிருக்கு" என்றான் பழனிவேல். "செவப்புக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இதையும் ஓட்டி நிறுத்திட்டு, முள்ளு எறங்குதான்னு பாக்கணும்ணே."

"ஓடட்டும் மொதல்ல" என்றார் அண்ணன்.

சாமான்காரர் சிவப்பை முடுக்கினார். அது உறுமிய உறுமலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அண்ணன் முகத்தில் ஜல்லிக்கட்டுக் காளையைப் பிடித்த பூரிப்பு. "நிறுத்துங்க, நிறுத்திட்டுப் பாருங்க!" என்று பழனிவேல் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அதற்குள் கொளஞ்சியப்பன் தோள்துண்டை எடுத்துச் சாமான்காரர் கைமேல் போட்டுவிட்டார். துண்டுக்கு அடியில் விரல்கள் விரல்களைப் பிடித்து விலை பேசின. சாமான்காரரும் சந்தையில் பழம் தின்று கொட்டை போட்டவர்தான் போலிருக்கிறது. பழனிவேல் கிட்டே ஓடினான். அண்ணன் உதட்டில் விரலை வைத்து அவனை அடக்கினார். துண்டு போட்டபின் மூன்றாவது ஆள் வாய் திறக்கக்கூடாது, அது சந்தை மரியாதை. எந்த மடையன் வகுத்த மரியாதையோ!

துண்டு விலகியது. சிவப்பு முடிந்துவிட்டது.

"வேணாம்னு சொல்லுங்கண்ணே."

"துண்ட எடுத்தப்புறம் பேச்ச மாத்துனா சந்தையில எவன்டா என்ன மதிப்பான்?"

அமிர்தலிங்கம் சொன்னபடி பஸ்ஸைக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஊரே கூடிவிட்டது. முதலில் ஒரு சைக்கிள் சக்கரத்துக்கு அடித்துக் காட்டினார்கள், கைதட்டல் தூள் பறந்தது. பிறகு பஸ்ஸின் பின்சக்கரம். சிவப்பு உறுமியது, புகைந்தது, ஆடியது. முள் பாதி வரை ஏறி அங்கேயே படுத்துக்கொண்டது. சக்கரம் தொளதொளவென்று கிடந்தது.

"புது எடம், மெரளுது. நாலு நா பழகட்டும்" என்றார் கொளஞ்சியப்பன். அண்ணன் தலையாட்டினார்.

பழனிவேல் ஓர் உளியை எடுத்துத் தொட்டியின் அடிவயிற்றைச் சுரண்டினான். சாயத்துக்குக் கீழே ஓட்டைகளை அடைத்த மக்கு, மக்குக்குக் கீழே ஒட்டுக்குமேல் ஒட்டு. துரு தின்ற தகடு அப்பளமாக உதிர்ந்தது. இனிப் பற்றவைக்கவும் இடமில்லை. அமிர்தலிங்கம் குனிந்து பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

தழும்புக் கிழத்தை, விலை மலிவு என்பதற்காகவே, பெரம்பலூர் சைக்கிள் கடை ராசாங்கம் ஓட்டிக்கொண்டு போயிருந்தார். இயந்திரத்தில் ஆனா ஆவன்னா தெரியாத ஆள். அது அவர் கடையில் பஸ் சக்கரங்களை நிரப்பித் தள்ளியது. ஓட்டத் தெரிந்த ஆள் மட்டும் அவருக்குத் தேவைப்பட்டது. பழனிவேல் போய் அவர் முன்னால் நின்றான்.

"வணக்கம் மொதலாளி" என்றான். பட்டாளத்துச் சலாம்போலக் கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

மாட்டுப் பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தான். கொட்டகையில் மாடுகளுக்கு முன்வரிசையில் சிவப்புக் கம்ப்ரசர் நின்றது. குளிப்பாட்டிக் குங்குமம் இட்டு, கழுத்தென்று நினைத்த இடத்தில் மாலையும் போட்டிருந்தார்கள். கொளஞ்சியப்பன் அதற்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லாத கூட்டம்!

அண்ணன் தம்பியைத் தனியே அழைத்தார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது, அதுதான் பழனிவேலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெவரம் தெரிஞ்சவன் நீ. அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேக்காமயா போயிருப்பேன்?"

பழனிவேல் கிட்டே வந்தான். அண்ணன் தோளிலிருந்த துண்டை உருவி அவர் கைமேல் போட்டான். அதற்குள் தன் கையை விட்டு, அவர் விரல்களை எலும்பு நொறுங்கும்படி பிடித்தான்.

"இப்ப கேக்குதாண்ணே?"

பாலசுந்தரம் பதில் சொல்ல வாயெடுத்தார். பழனிவேல் மறு கையின் விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். துண்டுக்குள் அண்ணனின் கை அசையாமல் கிடந்தது.