சார்ஜென்ட் வராத சாயங்காலம்

ஈஸ்டர் விடுமுறை வந்தால் கிளெனிஸ் ட்ரூவினின் கூடாரம் அந்த ஆற்று வளைவில்தான் இருக்கும். புருஷன் நெவில் இருந்தபோதும் அப்படி, அவர் போன பிறகும் அப்படி. அவர் போன பிறகு தனியாகவே வந்து, தனியாகவே கட்டைத் தீ மூட்டி, தனியாகவே டீ குடித்துவிட்டுத் திரும்புவாள். அதனால் இந்தப் பெரிய வெள்ளியன்று மத்தியானம், மரங்களுக்கு நடுவே ஒரு வாடகைக் கார் குலுங்கிக்கொண்டு வந்து நின்று, அதிலிருந்து மகன் லாக்லன் இறங்கியபோது, அவள் கையிலிருந்த தேநீர்க் குவளை சாய்ந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"காலு வெந்துடப் போகுதும்மா."

"வெந்தா வேகட்டும். நீ எங்கடா இங்க?"

"ஏன், வரக் கூடாதா? டிக்கெட் போட்டுத்தான் உள்ள விடுவியா?"

வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை பாருங்கள். சொல்லமாட்டான். அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால் கேட்டு வருஷங்கள் ஆகிவிட்டன.

கோடை வருமுன்னே கூரைத் தகரத்தின் ஓரக் கால்வாயில் அடைந்து கிடக்கும் காய்ந்த இலைகளை அள்ளிவிட வேண்டும். காட்டுத்தீயில் பறந்து வரும் ஒரு பொறி போதும், வீடு போய்விடும். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வேலைதான். "சனிக்கிழமை நான் வர்றேன், நீ ஏறாதப்பா" என்று அந்த வருஷம் நெவிலிடம் சொல்லியிருந்தான் லாக்லன். ஏதோ நண்பனின் விருந்து, அந்தச் சனிக்கிழமை வரவில்லை. நெவில் பொறுக்கவில்லை, தானே ஏணியில் ஏறினார். விழுந்தவர் எழவில்லை.

சவ அடக்கம் முடிந்ததும் பையன் மேற்கே இரும்புச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய்விட்டான். போனில் பேசுவான். அவள் ஒவ்வொரு முறையும், "உன் மேல ஒரு தப்பும் இல்லடா கண்ணு" என்பாள். அவன் ஒவ்வொரு முறையும், "சரிம்மா, வேலை இருக்கு" என்று வைத்துவிடுவான்.

இப்போது எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறான். அவளுக்கு ஒன்றுதான் வேண்டியிருந்தது. இந்த முறை இவன் மனசு கோணாமல் திரும்பிப் போக வேண்டும். அப்போதுதான் இன்னொரு முறை வருவான்.

தலைக்கு மேலே காக்கட்டூ என்னும் வெள்ளைக் கிளிகளின் கூட்டம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு போயிற்று. "அத்தை வந்துட்டாங்க போல" என்றான் லாக்லன். அவள் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. சிரிக்கும்போது பார்த்து ஒரு குக்கபராப் பறவை கிளையிலிருந்து சர்ரென்று இறங்கி, அவன் தட்டிலிருந்த சாஸேஜைக் கொத்திக்கொண்டு போய், செத்த பாம்பை அடிப்பதுபோல அதைக் கிளையில் அடித்தது.

"ஏய்! அது என்னோடது!"

"உங்கப்பா தட்டுலயும் அப்படித்தான் திருடும். குடும்பத் தொழில் அதுக்கு."

"சார்ஜென்ட் இருக்காராம்மா இன்னும்?"

சார்ஜென்ட் என்பது வளைவில் வாழும் பிளாட்டிபஸ். வாத்து மூக்கும் பழுப்பு ரோமமுமாக, அந்தி மங்கும்போது நீர்மேல் ஒரு நொடி தலை காட்டும், உடனே முழுகிவிடும். "நம்ம ஊர் போலீஸ் சார்ஜென்ட் மாதிரி. நாம தேடறப்ப ஆள் இருக்கமாட்டார்" என்று நெவில் வைத்த பெயர்.

"போன ஈஸ்டருக்குப் பார்த்தேன். கொழுத்துப் போயிருக்கார்."

லாக்லன் ஆற்றையே பார்த்தான். பிறகு சின்னப் பையன் மாதிரி கேட்டான்: "அப்பாவோட யாபி வலை இருக்கா? ராத்திரி போட்டு வெச்சா காலைல அவிச்சுத் தின்னலாம். வினிகர் ஊத்தி, அப்பா செய்யற மாதிரி."

யாபி என்றால் அந்த ஆற்றுச் சேற்றில் கிடக்கும், கொடுக்கு வைத்த இறால். வலை வீட்டு ஷெட்டில்தான் கிடக்கும், இந்த முறை மற்ற சாமான்களோடு சேர்ந்து அவள் வண்டியின் பின்பக்கத்தில் வந்திருந்தது. நாலு பக்கமும் மூடிய கூண்டு வலை. உள்ளே நுழைந்தது வெளியே வராது. இறாலுக்கு அது வெறும் சிறை. சார்ஜென்ட் மாதிரி மூச்சுக்கு மேலே வரவேண்டிய பிராணிகளுக்குச் சாவு. அதனால்தான் அந்த வலையைத் தடை செய்தார்கள். தடை வந்த நாளிலிருந்து, யார் கையில் அதைக் கண்டாலும் கிளெனிஸ் சண்டைக்குப் போவாள். போன வருஷம்கூட மெல்பர்னிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் வலையைப் பிடுங்கி மிதித்து நசுக்கினாள்.

தன் வீட்டு வலையை மட்டும் அவள் தூக்கிப் போடவில்லை. நெவில் முடிச்சுப் போட்டுத் தைத்த இடங்கள் அதில் இருந்தன.

கூடாது என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அப்பா என்ற வார்த்தையை அவன் சொல்லியே எத்தனை நாளாயிற்று! வந்த முதல் நாளே மறுப்பதா? "ஆத்துல போடாதே. அந்த ஓரத்துத் தேங்கல் தண்ணியில போடு. சார்ஜென்ட் ஓடற தண்ணியிலதான் மேய்வார், அந்தச் சேத்துப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்" என்றாள். ஆற்றை அத்தனை வருஷம் பார்த்தவளுக்கு அந்த நம்பிக்கை.

விடிந்ததும் மகன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் மொள்ளப் போனவள், ராத்திரி அவன் தேங்கலில் போட்ட வலையின் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். கனத்தது. யாபிதான் நிறைந்திருக்கிறது என்று நினைத்தாள்.

யாபியும் இருந்தது. நடுவில் சார்ஜென்ட் கிடந்தார்.

அத்தனை வருஷமும் தூரத்திலேயே பார்த்ததால் பெரிய பிராணி என்று நினைத்திருந்தாள். கையில் எடுத்தால் ஒரு பூனைக்குட்டிக் கனம். மூக்கு விறைப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், அது பழைய கையுறைத் தோல் போல மெத்தென்று இருந்தது. அவள் அழவில்லை. கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். 'இதையும் இவன் தலையில் ஏற்றிக்கொள்வான். இன்றைக்கே கிளம்பிவிடுவான்.'

பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி, கரைமேட்டில் ஒரு யூகலிப்டஸின் வேருக்கடியில் கரண்டியாலும் கையாலும் தோண்டிப் புதைத்தாள். யாபிகளைத் தண்ணீரிலேயே விட்டாள். கத்தியை எடுத்து வலையைக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து, விறகுக் குவியலுக்குப் பின்னால் திணித்தாள்.

"யாபி எங்கம்மா?" என்று கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தான் லாக்லன்.

"நீர் எலி வலையைக் கடிச்சிடுச்சு. ஒண்ணுமில்ல. முட்டை பொரிக்கிறேன், உட்காரு."

"எலிக்குக் குடுத்து வெச்சிருக்கு" என்று சிரித்தான்.

அன்று சாயங்காலம் இருவரும் கரையில் விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தார்கள். எதிர்க்கரையில் கங்காருக்கள் புல் மேய வந்தன. ஒரு தாயின் பையிலிருந்து குட்டியின் கால் மட்டும் கோணலாக நீட்டிக்கொண்டிருந்தது. ஆமை ஒன்று கட்டையில் ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறியது. லாக்லன் எதையும் பார்க்கவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, வளைவின் நடுத் தண்ணீரையே பார்த்தான். ஒரு வட்டம் விரிந்தால் அவள் முழங்கையைத் தொடுவான். மீன். இன்னொரு வட்டம். இலை.

"ஒருவேளை போயிட்டாரோம்மா?"

"எங்க போவார்? வருவார்" என்றாள். அந்தப் பொய் சொல்லச் சுலபமாகத்தான் இருந்தது.

இருட்டியதும் அவன் கையைத் தேய்த்துக்கொண்டு சொன்னான்: "நாளைக்குக் கிளம்பணும்னு இருந்தேன். வேணாம். சுரங்கத்துக்குச் சொல்லிடறேன். சார்ஜென்டைப் பார்த்துட்டுத்தான் போவேன். அப்பா கடைசியா இங்க வந்தப்போ பார்த்தது அவரைத்தான், இல்ல?"

கிளெனிஸ் தலையை ஆட்டினாள். மகன் இன்னும் ஒரு நாள் இருக்கிறான் என்று வயிறு குளிர்ந்தது. எதற்காக இருக்கிறான் என்று நினைத்ததும் விறகுக் குவியலின் பக்கம் பார்வை போயிற்று. படுக்கையில் புரண்டுகொண்டே கிடந்தாள்.

மறுநாள் ஈஸ்டர். பொழுது சாயும் நேரத்தில், சூடாக்கிய பன்னைப் பிட்டுத் தின்றுவிட்டு, ராத்திரித் தீக்கு விறகெடுக்கப் போனான் லாக்லன். போனவன் வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது, குவியலுக்குப் பின்னால் அந்த வலையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தான். அறுபட்ட இழைகள் எலி கடித்ததுபோலவா இருக்கும்? கத்தி நேராக ஓடியிருந்தது. நெவில் போட்ட ஒரு முடிச்சில் பழுப்பு ரோமம் கொத்தாகச் சிக்கியிருந்தது.

வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். வலை மடியில் இருந்தது.

"எப்பம்மா?"

"நேத்துக் காலைல."

"அப்போ நேத்து சாயங்காலம் எதைப் பார்த்துட்டு இருந்தோம்?"

"நீ ஆத்தைப் பார்த்தே. நான் உன்னைப் பார்த்தேன்."

அவன் அந்த ரோமத்தை முடிச்சிலிருந்து பிரித்தெடுத்தான். வழக்கம்போல அவளுக்கு அந்தப் பழைய வார்த்தை வாயில் வந்தது: 'உன் மேல ஒரு தப்பும்...' அவன் சட்டென்று கையைத் தூக்கினான்.

"சொல்லாதே. தயவுசெஞ்சு சொல்லாதேம்மா. எல்லாரும் அதையேதான் சொல்றீங்க. அதைக் கேக்க முடியாமத்தான் நான் அவ்வளவு தூரம் போய்க் கிடக்கேன்."

ஆற்றில் வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கிளெனிஸ் அவன் மடியிலிருந்த வலையின் ஒரு ஓரத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"சரி, கேட்டுக்கோ. நீ வர்றேன்னு சொன்னே, வரல. அது தப்பு. அவர் ஏணியை எடுக்கறதை நான் ஜன்னல் வழியா பார்த்தேன். போய்ப் பிடிச்சுக்கணும்னு தோணுச்சு. அடுப்புல கேக் இருந்தது, அதை இறக்கி வெச்சுட்டுப் போகலாம்னு நின்னேன். அது என் தப்பு. இந்த வலை கூடாதுன்னு எனக்குத் தெரியும். நீ கேட்டதும் குடுத்துட்டேன். இதுவும் என்னோடது."

"ஜன்னல்ல பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ஒரு நாளும் சொல்லலியே."

"சொல்லல."

அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அப்பாவைக் குழியில் இறக்கியபோதுகூட அழாத பையன். அவள் அணைக்கவில்லை. அணைத்தால் நிறுத்திவிடுவான் என்று பயந்தாள். வலையின் ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு இடத்தைக் காட்டச் சொன்னான். காட்டினாள். நரி தோண்டிவிடும் என்று ஆற்றிலிருந்து ஒரு பெரிய கல்லை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து மேலே வைத்தான். ஈரச் சட்டையோடு அங்கேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தான்.

திங்கட்கிழமை காலை சாமான்களை ஏற்றிவிட்டுக் காரின் கதவைத் திறந்தான். மறுபடி எப்போது என்று அவள் கேட்கவில்லை. வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்:

"அந்த ஏணி இருக்காம்மா? கோடைக்கு முன்னாடி இலை அள்ளணுமே."

"ஷெட்ல இருக்கு."

தலையை ஆட்டிவிட்டு ஏறிக்கொண்டான். மரங்களுக்கு நடுவே புழுதி எழும்பி, மெல்ல இறங்கியது.

கிளெனிஸ் கூடாரத்தைப் பிரிக்கவில்லை. அன்று சாயங்காலமும் அதே மரத்தில் போய் உட்கார்ந்தாள். கங்காருக்கள் வந்தன. ஆமை வந்தது. வளைவின் நடுவில் தண்ணீர் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. வெளிச்சம் போகும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.