திரும்பிப் பார்க்கும் ஆடு

வீட்டில் லூம் வந்திருக்கிறது என்று நிஜாம் வாய்தவறிச் சொன்னது ஊரெல்லாம் சிரிப்பாகிவிட்டது. கோவை உக்கடம் பக்கத்தில் அவனுக்குப் பாத்திரக்கடை. சாமான் வாங்க வந்திருந்த, விசைத்தறிக்குப் பேர்போன சோமனூர்க்காரர் ஒருவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை தறிங்க? கரண்டுக்குத் தனியா எழுதிக் குடுத்துட்டீங்களா?"

நிஜாம் இரண்டு கையாலும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அகலம் காட்டினான். "இத்தனைதானுங்க. பிளாஸ்டிக்கு. ஊட்டுக்காரி மடியில வெச்சுப் பின்றா."

மத்தியானம் சாப்பிட வந்தவன் இதைச் சொன்னபோது, அவன் மனைவி ஃபர்சானாவுக்கும் சிரிப்பு அடங்கவில்லை. தறியும் மில்லும் நிறைந்த ஊரில் அவளுடைய லூம் ஒரு வளையம், அவ்வளவுதான். வளையத்தைச் சுற்றி வரிசையாக முளைகள். நூலை முளைகளில் சுற்றி, கீழே இருக்கும் கண்ணியைக் கொக்கியால் தூக்கி மேலே போட்டுக்கொண்டே போனால், நடுவிலிருக்கும் ஓட்டை வழியாகப் பின்னல் குழாய்போல இறங்கும். வீடியோ பார்த்துத்தான் கற்றுக்கொண்டாள். ஆனால் அதில் வருகிறவர்கள் எல்லாம் பனி பெய்யும் நாட்டுக்காரர்கள். அவர்கள் சொன்னபடி உல்லன் நூலில் பின்னிய முதல் சாக்ஸை நிஜாம் ஒருநாள் கடைக்குப் போட்டுக்கொண்டு போய், "காலு இட்லி மாதிரி வெந்துபோச்சு" என்று கழற்றிக் கையில் கொடுத்தான்.

பருத்தி நூலுக்கு மாறினாள். மாறியதும் வீடியோக்காரர்களின் கணக்கு எதுவும் பொருந்தவில்லை. ஒற்றை நூலில் பின்னினால் வலை மாதிரி கண் தெரிந்தது. இரட்டை நூலில் பின்னினால் அளவு மாறியது. வேறு வழியில்லாமல் கிராஃப் தாளில் தானே கட்டம் போட்டு வரைய ஆரம்பித்தாள். வரைய வரையத்தான் அவளுக்கு ருசி பிடித்தது. அடுத்தவர் சொன்னபடி பின்னும்போது கை மட்டும் வேலை செய்தது. தானே வரைந்து பின்னும்போது, குளிக்கையிலும் புளி கரைக்கையிலும்கூட மனசு முளைகளை எண்ணிக்கொண்டிருந்தது.

நூல் வாங்க ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கைவினைக் கடைக்குப் போவாள். அங்கே வேலை பார்த்தவள் பொற்கொடி. கோபிசெட்டிபாளையத்துப் பெண், இங்கே விடுதியில் தங்கியிருந்தாள். ஃபர்சானாவைவிடப் பத்து வயது சின்னவள். வாய் ஓயாமல் பேசுகிறவள். ஒருநாள் ஃபர்சானா மேசைமேல் எடுத்து வைத்த சாக்ஸ் ஜோடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்.

"ஏனுங்க்கா, ஜோடின்னா ரெண்டும் ஒண்ணாட்டமேதான் இருக்கோணுமா?"

கேட்டதோடு நிற்காமல் இடது காலைச் செருப்பிலிருந்து உருவி முன்னால் நீட்டினாள். பிறக்கும்போதே வளைந்திருந்த பாதம். சின்ன வயதில் அறுவை செய்து ஓரளவு நிமிர்த்தியிருந்தார்கள். வலது காலைவிடக் குட்டையாக, முன்பாதி உள்பக்கம் திரும்பியிருந்தது.

"ரேஸ்கோர்ஸ்ல பொம்பளைங்க நடைப்போட்டி வைக்கறாங்கக்கா. அஞ்சு கிலோமீட்டர். பேரு குடுத்துப்போட்டேன். ஷூ அளவு குடுத்துத் தெச்சாச்சு, கச்சிதமா இருக்குது. இந்தச் சாக்ஸ்தான் உள்ள சுருண்டுக்கிட்டுக் கொப்புளம் வெச்சுருது."

"சாக்ஸ் போடாம நடந்தா?"

"அப்பப் பெரிய கொப்புளம்" என்று சொல்லிச் சிரித்தாள்.

ஃபர்சானா செய்தித்தாளை விரித்து, அந்தக் காலை வைக்கச் சொல்லிச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டாள். பொற்கொடிக்குக் கூச்சம் இல்லை. கூச்சம் காலில் பென்சில் பட்டதில்தான்.

பொற்கொடிக்கான முதல் சாக்ஸின் நீளத்தைக் குறைத்துப் பின்னினாள். குதிகால் வரவேண்டிய பை உள்ளங்காலுக்கு வந்து நின்றது. அடுத்ததற்குச் சின்ன வளையத்தை எடுத்தாள்; அது கணுக்காலைத் தாண்டவே மறுத்தது. மூன்றாவதில் நீளமும் அகலமும் சரியாக இருந்தன. போட்டு நாலு எட்டு நடந்ததும் பொற்கொடி நின்றுவிட்டாள்.

"முறுக்குதுக்கா. துணி பிழிஞ்ச மாதிரி."

"கழட்டிக் குடு, பார்க்கறேன்" என்று வாங்கிக்கொண்டு வந்தாள் ஃபர்சானா. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண் குறை சொல்லாமல் சிரித்தது வேறு எரிச்சலைக் கூட்டியது. போட்டிக்கு நாளும் அதிகம் இல்லை.

வீட்டில் மகள் இஸ்மத் அந்தத் தோற்றுப்போன சாக்ஸ்களை எல்லாம் தன் சொத்தாக்கிக்கொண்டாள். பஞ்சு அடைத்துக் கண் வைத்தால் ஒன்று பூனை, ஒன்று வாத்து. ஆனால் அவளுக்கு வேண்டியது ஆடு. தாராபுரத்துப் பெரியம்மா வீட்டில் அவள் பழகிவிட்டு வந்த வெள்ளாடு. பொம்மை என்று ஒன்று செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று ஃபர்சானா அதற்கும் கட்டம் போட்டாள். சாக்ஸுக்குக் குதிகால் வளைக்கிற அதே வித்தைதான். வளையத்தில் பாதி முளைகளில் மட்டும் முன்னும் பின்னுமாகப் பின்னினால் அந்த இடம் பை மாதிரி புடைக்கும். ஆட்டுக்குப் பின்பக்கம் ஒரு புடைப்பு, கழுத்தில் ஒரு புடைப்பு. கால் நாலும் கொம்பும் காதும் தனியாகத் தைத்ததும், ஆடு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது.

இஸ்மத் அதை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகம் மலரவில்லை.

"இது கூப்பிட்டா பார்க்காதாம்மா? அந்த ஆடு திரும்பிப் பார்க்கும்ல."

"பொம்மை எப்படிக் கண்ணு திரும்பும்?"

"திரும்பினாப்லயே செஞ்சு குடுங்க."

அதுவும் நியாயம்தான். மறுபடி வளையத்தை எடுத்தாள். பின்பக்கத்தை முன்போலவே பின்னிவிட்டு, கழுத்து வரும்போது அதே முளைகளில் தொடங்காமல் சில முளைகள் தள்ளித் தொடங்கினாள். பஞ்சு அடைத்து எடுத்தபோது உடம்பு ஒருபக்கமும் தலை ஒருபக்கமுமாக, யாரோ கூப்பிட்டதைக் கேட்டதுபோல ஆடு திரும்பி நின்றது. இஸ்மத் அதைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

ஃபர்சானா கொக்கியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது அவளுக்குத் தெரியவில்லை. இதுவரை குதிகாலை எந்த முளைகளில் பின்னினாளோ, விரல்நுனிக்கு வரும் பையையும் அதே முளைகளில்தான் பின்னியிருக்கிறாள். நேரான காலுக்கு அது சரி. பொற்கொடியின் கால் நேராகவா பார்க்கிறது? அது திரும்பிப் பார்க்கிற கால்.

பொற்கொடியின் கால் வரைந்த செய்தித்தாளை எடுத்து விரித்தாள். குதிகாலிலிருந்து விரல் எவ்வளவு திரும்புகிறது என்று நூல் பிடித்து அளந்தாள். அத்தனை முளை தள்ளி விரல்நுனியைத் தொடங்கினாள். ஒரே தள்ளாகத் தள்ளியதில் பக்கவாட்டில் சுருக்கம் விழுந்தது. பிரித்துவிட்டு, பாதத்தின் உள்பக்கத்தில் சில வரிசைகளைக் குறைத்துப் பார்த்தாள். சுருக்கம் மறைந்தது.

மறுநாள் கடையில் பொற்கொடி அதைப் போட்டுக்கொண்டு நூல் அலமாரிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். திரும்பவும் ஒரு தடவை நடந்தாள். ஃபர்சானாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன கொடி, முறுக்குதா?"

"இல்லீங்க்கா. ஒண்ணுமே தெரியல. போட்டிருக்கறதே தெரியல." குனிந்து காலைத் தடவிப் பார்த்தாள். "நீங்க அந்த வலது கால் சாக்ஸையும் இதே கலர்ல பின்னிக் குடுத்துருங்க."

போட்டியன்று காலையில் ரேஸ்கோர்ஸில் நல்ல கூட்டம். நிஜாமும் இஸ்மத்தும்கூட வந்திருந்தார்கள். பொற்கொடி முதல் வரிசையில் கிளம்பி, கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து, கடைசியில் ஒரு கூட்டத்தோடு வந்து சேர்ந்தாள். வழிநெடுக அவர்களோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. முகமெல்லாம் வியர்வை. நேராக வந்து கல்பெஞ்சில் உட்கார்ந்து, அத்தனை பேர் நடுவிலும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றினாள்.

ஃபர்சானா மண்டியிட்டுப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். சுண்டுவிரல் ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. கொப்புளம் இல்லை.

"இங்க ஒரு வரிசை கூட்டோணும்" என்றாள்.

"அதெல்லாம் அப்பறம் கூட்டிக்கலாங்க்கா" என்ற பொற்கொடி நிஜாம் பக்கம் திரும்பினாள். "பசி உயிர் போகுது. அண்ணா, பக்கத்துல எங்கீங்க நல்ல நெய் ரோஸ்ட் கிடைக்கும்?"