கூம்பில்லாத எலிகள்

சிறாஜ் மச்சான் என்னைக் கலியாணம் முடிக்க ஜெர்மனியிலிருந்து வந்தபோது எங்கள் ஊர் தண்ணீரூற்றில் எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டு முடியவில்லை. போர் ஓய்ந்திருந்த சமாதான காலம். புத்தளத்து அகதி முகாமிலிருந்து நாங்கள் திரும்பி இரண்டு வருசம்தான் ஆகியிருந்தது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஊர் கேட்டது. ஆராய்ச்சிக்கூடத்தில் எலி வளர்க்கிறார் என்றேன். ஊர் சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். எலி வளர்த்தாலும் யானை வளர்த்தாலும் எனக்கு ஒன்றுதான். அவ்வளவு பிடிக்கும்.

எங்களுடையது மாற்றுக் கலியாணம். வாப்பாவின் தங்கைக்கு இரண்டு பிள்ளைகள், ஷமீலா மச்சியும் சிறாஜ் மச்சானும். மச்சியை என் அண்ணன் நஜீம் நானா முடித்தபோதே அவவின் தம்பிக்கு நான் என்று பேசிவிட்டார்கள். நானாவுக்கு ஒரே மகள், றிஸ்பா. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தூணில் மோதுவாள். கரும்பலகை தெரியாமல் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறாத மொக்கு என்று பெயர் வாங்கியிருந்தாள். ஆனால் மஃரிப் நேரம், பொழுதுபட்ட இருட்டில், கோழி பிடித்து அடைக்க அவளை விட்டால் ஆளில்லை.

மச்சான் வந்த இரண்டாம் நாள் கிணற்று வாளியில் வாப்பா உடுக்கிற கோடு போட்ட சாரத்தைச் சுற்றி, மாமரத்தில் தொங்கவிட்டுச் சுழற்றினார். உச்சி வெயிலில் அதன் முன்னால் நின்ற றிஸ்பாவின் கண் அசையவில்லை. பொழுதுபட்ட பிறகு மறுபடி சுழற்றினார். ஒவ்வொரு கோட்டையும் அவள் கண் துரத்தியது. மாப்பிள்ளைக்கு விளையாட்டுப் புத்தி என்று நான் நினைத்துக்கொண்டேன்.

றிஸ்பா கோழி பிடிக்க ஓடியதும் மச்சான் கிணற்றடிக்கு வந்தார்.

"என்ர எலிகளையும் இப்பிடித்தான் சோதிப்பம், நாச்சியா. கண்ணுக்குள்ள இருட்டில பார்க்க ஒரு வகைக் கலம் இருக்கு. பகலுக்கும் நிறத்துக்கும் வேற வகை, அதுக்குப் பேர் கூம்பு. கூம்பை நடத்துற மரபணுவைப் பழுதாக்கித்தான் அந்த எலிகளை உண்டாக்கிறது. அதுகளும் பகலில றிஸ்பா மாதிரித்தான்."

"றிஸ்பாவுக்கு ஆர் பழுதாக்கினது?"

"ஒருத்தருமில்லை. உங்கட நானாவிட்ட பழுதானது ஒண்டு, என்ர ராத்தாவிட்ட ஒண்டு ஒளிஞ்சிருந்திருக்கும். ரெண்டும் சேர்ந்தால்தான் வெளியில தெரியும்." கொஞ்சம் நிறுத்தினார். "நாங்களும் எலியை அப்பிடித்தான் சேர்ப்பம். ஒரே குடும்பத்துக்குள்ள."

கதை எங்கே போகிறதென்று விளங்கிவிட்டது. நான் நானாவின் தங்கை. அவர் மச்சியின் தம்பி.

"எங்கட பிள்ளைக்கும் வருமோ?"

"ரெண்டு பேரிட்டையும் இருந்தால் நாலில ஒண்டுக்கு வரலாம். இரத்தம் குடுத்துப் பார்க்கலாம். இல்லையெண்டால் பயமில்லை."

"இருந்தால்?"

அவர் முற்றத்தைப் பார்த்தார். றிஸ்பா கடைசிக் கோழியையும் கூட்டுக்குள் விட்டுக்கொண்டிருந்தாள்.

"மருந்து இல்லையோ?"

"இன்னும் இல்லை. அதுக்காகத்தான் எலி."

"இருந்தால் என்ன செய்வீங்க, மச்சான்?"

"எனக்குத் துணிவில்லை, நாச்சியா."

பொய் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை மதிக்கிறேன். ஆனால் அந்த நேரம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒன்று பிறந்துவிடுமோ என்று இந்த மனிதர் நடுங்குகிறார். றிஸ்பா மாதிரி நாலு பிறந்தாலும் எனக்குச் சம்மதம். இரத்தம் கொடுத்துப் பார்க்க மாட்டேன் என்றுவிட்டேன்.

மறுநாள் மச்சான் மச்சியைக் கூப்பிட்டு, பிள்ளைக்குப் புத்தியில் குறையில்லை, கண்ணில்தான் என்றார். கறுப்புக் கண்ணாடி போடுங்கள், வகுப்பில் நிழலான பக்கம் முன்வாங்கில் இருத்துங்கள் என்றார். மச்சி சந்தோசத்தில் அழுதுவிட்டா. அது எப்படி வந்ததென்று அவ கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. வாப்பாவிடம் மட்டும் முழுக் காரணத்தையும் சொல்லிக் கலியாணத்தை நிறுத்தப்போவதாக என்னிடம் வந்து சொன்னார்.

"வேண்டாம்," என்றேன். "அது நானாவின்ர காதுக்கும் மச்சியின்ர காதுக்கும் போகும். பிறகு அந்தப் பிள்ளையைப் பார்க்கிற நேரமெல்லாம் எங்கட பிழை எண்டுதான் நினைப்பினம். கலியாணம் வேண்டாமெண்டு நானே சொல்லுறன்."

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாருக்கும் முன்னால் சொன்னேன், எலி வளர்க்கிற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம் என்று. உம்மா தலையில் கைவைத்தா. நானா என்னைத் தலைக்கனம் பிடித்தவள் என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அடுத்த கிழமையே பயணமாகிவிட்டார். இரவில் நான் அழுததை ஒருவருக்கும் காட்டவில்லை.

தன் தம்பியை அவமானப்படுத்தினேன் என்று மச்சி என்னோடு பேச்சை விட்டுவிட்டா. முற்றத்தில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவா. போய், மகளை மடியில் இருத்தி, யார் பிழையென்று ஒரு கணக்கும் பார்க்காமல் கொஞ்சுவா.